தாய்ப்பத்திரம் இல்லாத வீடுகள்

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கடைசியில் கவிதைக்கு வருவேனா மாட்டேனா என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. பகலில் வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் நான். அங்கே என்னை உட்கார வைத்திருப்பது வீட்டுக்கடன் மேசையில். அதனால் எனக்கு எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் சுவர் தெரியாது, பத்திரம்தான் தெரியும். இந்த வியாதியை மன்னித்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் எங்க நைனாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுபடி காட்டுவதற்காகச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினோரு மணிக்கெல்லாம் டாக்டர் பார்த்து அனுப்பிவிட்டார். ஊருக்குத் திரும்ப சாயங்காலம்தான் வண்டி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற நைனாவைப் பார்த்து, "பாரதியார் வூட்டப் பாக்கறியா நைனா?" என்று கேட்டேன். "எங்க கீது?" என்றார். "திருவல்லிக்கேணி" என்றேன். அவர் முகம் மாறியது. "திருவல்லிக்கேணியா... போலாம் வா."

அந்த முகம் ஏன் மாறியது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பார்த்தசாரதி கோயிலை ஒட்டி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. அதில் இருக்கிறது அந்த வீடு. புதுச்சேரியில் பத்து வருஷம் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகி, கடலூர்ச் சிறையில் இருந்து, கடையத்தில் கஷ்டப்பட்டு, 1920இல் 'சுதேசமித்திரன்' வேலைக்காகத் திரும்பிவந்த பாரதி, கடைசியில் குடியிருந்தது இங்கேதான். அந்தக் கோயில் யானைதான் அவரைத் தள்ளியது. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையும் முன்பே, இந்த வீட்டில்தான் செத்துப்போனார். சவத்தோடு போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். 1993இல் தமிழக அரசு அந்த வீட்டை வாங்கிப் புதுப்பித்து நினைவில்லம் ஆக்கியது.

வாசலுக்கு வந்தோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நைனா தெருவிலேயே நிற்கிறார்.

"வா நைனா."

"நீ போய்ப் பாத்துட்டு வாப்பா. நான் இங்கியே நிழல்ல குந்திக்கினு இருக்கேன்."

"ஏன், கால் வலிக்குதா?"

"கால்லாம் வலிக்கல. யார்னா கேட்டா?"

தோழர்களே, அவருக்கு எழுபத்திரண்டு வயசு. அரசாங்க வீடு, யார் வேண்டுமானாலும் போகலாம் என்று நான் சொல்கிறேன். அவர் "யாரைக் கேக்கணும்?" என்கிறார். இதைத் தாழ்வு மனப்பான்மை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாமும் சிலபேர் அப்படியே எழுதுகிறோம். மனப்பான்மை ஒன்றும் இல்லை, அது அனுபவம். அப்புறம்தான் அவர் சொன்னார்.

பதினெட்டு வயசில் ஊரைவிட்டு ஓடிவந்து, திருவல்லிக்கேணியில் ஒரு விறகுத் தொட்டியில் வேலைக்கு இருந்திருக்கிறார். 1970 வாக்கில். கேஸ் அடுப்பு எல்லா வீட்டுக்கும் வராத காலம். எடை போட்ட விறகைத் தலையில் தூக்கிக்கொண்டு இந்தத் தெருக்களில் எல்லாம் போட்டிருக்கிறார். ஒரு நாள்கூட எந்த வீட்டு முன்வாசலையும் பார்த்ததில்லையாம். சந்து வழியாகப் போய்ப் பின்பக்கம் இறக்க வேண்டும்.

"நான் எறக்கிட்டு தள்ளி நிப்பேன். சில வூட்ல அந்தம்மா வெறகு மேல தண்ணி தெளிச்சிட்டுதான் உள்ள எடுக்கும். அப்பால சாயங்காலம் எங்க மொதலாளியாண்ட வந்து சண்ட போடும், 'ஈர வெறகக் குடுத்து ஏமாத்திட்டியே'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போவதா வெளியே வருவதா என்று தெரியாமல்.

கடைசியில் உள்ளே வந்தார். "பாரதியாரு பாட்டப் பள்ளிக்கூடத்துல பாடி நீ பிரைஸ் வாங்கல? அதுக்காகத்தான் வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அது உண்மைதான். நாலாம் வகுப்பில் ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கினேன். என்னைக் கவிதைப் பக்கம் இழுத்துவிட்டது பாரதிதான். அதை மறைத்துவிட்டு இந்த மேடையில் வீரம் பேசினால் நான் பொய்யன். அவன் வரிகளைத் திருடித்தான் முதல் கவிதை எழுதினேன். திருடியதைத் திருப்பிக் கொடுக்கப் போன மாதிரிதான் அந்த வீட்டுக்குள் நின்றேன்.

சுவரெல்லாம் படங்கள். முண்டாசு, மீசை, அந்தக் கண். கையெழுத்துப் பிரதிகள். நைனா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் கிட்டே போய்ப் பார்த்தார். என்னைவிடப் பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"இந்த வூடு அவுரு சொந்த வூடா?"

"இல்ல நைனா. வாடகைக்கு இருந்தாரு."

"அப்பறம் எப்பிடி சர்க்கார் வாங்கிச்சு? பத்திரம் கீதா?"

"வூட்டுக்காரங்ககிட்ட இருந்திருக்கும். அதனாலதான் வாங்க முடிஞ்சிச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உங்க சித்தப்பனுக்கு மட்டும் இல்லன்ட்ட."

தோழர்களே, இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பம் இருந்தது ஏரிப் புறம்போக்கு. நான் பிறந்த வீடு, எங்க ஆயா செத்த வீடு, எல்லாம் அந்தக் கரையில்தான். 2015 டிசம்பர் மழையில் அந்த மண்சுவர் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா தகரம் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் மகன் வங்கியில் இருக்கிறானே என்று நம்பி, ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பையில் இருந்தது ஒன்பது பி மெமோ. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்க நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய், தண்டம் கட்டு என்று வருவாய்த்துறை கொடுக்கிற காகிதம் அது. 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். தாத்தா பேரில் சிலது, ஆயா பேரில் சிலது, சித்தப்பா பேரில் சிலது. மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் அங்கேதான் இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஆனால் என் மேசையில் அது குற்றப்பத்திரிகை. தாய்ப்பத்திரம் கேட்டேன். பட்டா கேட்டேன். முப்பது வருஷத்து வில்லங்கம் கேட்டேன். "தாயி செத்துப்போச்சேப்பா, பத்திரம் ஏது?" என்றார் சித்தப்பா. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். கவிதை எழுதுகிற அதே பேனாவால்தான் அந்தத் தாளில் 'ஏற்க இயலாது' என்று எழுதினேன்.

இரண்டு வருஷமாக நைனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பாரதி வீட்டில் பேசினார்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். நினைவில்லம் என்பது புகழால் மட்டும் உண்டாவதில்லை. முதலில் சுவர் நிற்க வேண்டும். சுவர் நிற்க மண் உன்னுடையதாக, அல்லது உன்னை வைத்திருந்தவனுடையதாக இருக்க வேண்டும். பாரதி ஏழைதான். பட்டினி கிடந்தவன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் வாடகைக்குப் புகுந்த தெருவுக்குப் பத்திரம் இருந்தது. எழுபது வருஷம் கழித்து அரசாங்கம் தேடிவந்தபோது வாங்குவதற்கு ஒரு வீடு இருந்தது. நம்முடைய ஏழ்மைக்கும் அவனுடைய ஏழ்மைக்கும் நடுவில் ஒரு பத்திர ஆபீஸ் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் நமக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவு வந்ததே, அந்தப் பஞ்சமி நிலமே இன்றைக்கு யார் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். காகிதம் இருந்த நிலமே போன கதை அது. காகிதமே இல்லாத நிலத்தின் கதையை யார் கேட்பார்கள்?

வெளியே வரும்போது நைனாவிடம் இன்னொரு விஷயம் சொன்னேன். புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற நம்மாளுக்குப் பாரதி பூணூல் போட்டார் என்று. அந்தக் கனகலிங்கமே பிற்காலத்தில் 'என் குருநாதர்' என்று புத்தகம் எழுதினார், 1947இல் வந்தது. நைனா யோசித்தார். "நல்ல மனுசன்தான்" என்றார். நாலு அடி நடந்துவிட்டு, "ஆனா அவுருது ஏன் கழட்டல?" என்றார்.

பாரதி பூணூலைக் கழற்றியவர்தான் என்றும், தனக்கு வேண்டாம் என்றதையே கனகலிங்கத்துக்குப் போட்டார் என்றும் சொன்னேன். "அது இன்னா நாயம்?" என்றார். இதற்கு மேல் எந்த விமர்சகன் எழுதுவான்? அந்தக் காலத்தில் அப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். சொந்தச் சாதி காறித் துப்பிய காரியம் அது. அதை மதிக்கிறேன். ஆனாலும், மனுசன் ஆவதற்குப் பூணூல் வழியாகத்தான் வரவேண்டும் என்றால் அந்த வாசல் எங்கள் வாசல் இல்லை. அன்பிருந்தது, அரசியல் தப்பாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லக் கற்றுக்கொள்வோம்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து, ஜாம் பஜார் வழியாக ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் போனோம். நடக்கிற தூரம்தான். டீக்கடையில் உட்கார்ந்து நைனாவிடம் அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிச் சொன்னேன்.

இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். 1906இல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை ஆரம்பமாகிறது. பாரதி ஆசிரியர். அடுத்த வருஷம், 1907 ஜூன் 19இல், ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வருகிறது. பண்டிதர் ஆசிரியர். 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போகும்வரை ஒரே ஊரில், ஒரே தமிழில், இரண்டு பத்திரிகை. ஒருத்தர் வெள்ளைக்காரனிடம் சுதந்திரம் கேட்கிறார். இன்னொருத்தர் சுதேசிகளைப் பார்த்துக் கேட்கிறார்: நீங்கள் சேரியில் அடைத்து வைத்திருக்கிறவர்களுக்கு எப்போது விடுதலை கொடுப்பீர்கள்? முதல் கேள்விக்கு 1947இல் பதில் வந்தது. இரண்டாவது கேள்வி எங்க நைனாவோடு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் நின்றது.

பண்டிதர் 1898இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நடத்தினார். வைத்தியர். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். 1914 மே 5இல் சாகும்வரை 'தமிழன்' நடத்தினார். அவருக்கும் முன்னால், 1893இலேயே, அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பேர் வைத்தே பத்திரிகை கொண்டுவந்துவிட்டார். டீக்கடைக்காரரிடம், எதிரே பூ விற்ற அம்மாவிடம், ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன்: "அயோத்திதாசர் வீடு எது?" ஒருத்தர் "எந்த பிளாட்?" என்றார். என் கண்ணில் ஒரு பலகைகூடப் படவில்லை.

மணிமண்டபம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023 டிசம்பரில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் திறந்தார்கள். இரட்டைமலையாருக்கும் அங்கேயே இருக்கிறது. சந்தோஷம். பல வருஷம் பலபேர் கேட்டு வாங்கியது அது, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மண்டபம் வேறு, வீடு வேறு. மண்டபத்தில் மாலை போடலாம். வீட்டில்தான் அவர் எந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதினார், அடுப்பு எங்கே இருந்தது, பேப்பரை எங்கே அடுக்கினார் என்று பார்க்க முடியும். ஒரு குழந்தைக்கு எழுத்தாளன் மனுசனாகத் தெரிவது அங்கேதான்.

அப்படியென்றால் வீடு இல்லாத பண்டிதர் எப்படி நம் கைக்கு வந்தார்? இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அவரைக் கோலார் தங்கவயல் காப்பாற்றியது. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த நம் சனங்கள், பௌத்தம் ஏற்றவர்கள், சித்தார்த்தா புத்தகசாலை என்று வைத்து அவர் நூல்களை மறுபடி மறுபடி அச்சிட்டார்கள். பழைய தாள்களைப் பாதுகாத்தார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்டவற்றிலிருந்துதான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தது. வீடு இல்லாதவரை வாசகர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு டிரங்குப் பெட்டியும் ஒரு நினைவில்லம்.

இன்னொன்று. பண்டிதர் எழுதியிருக்கிறார்: தமது பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரை வீட்டில் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த குறள் ஏட்டுப் பிரதிதான் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று. குறள் 1812இல் அச்சாகிறது. இதைச் சொன்னதும் நைனா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப திருக்குறளும் பின்வாசல் வழியாதான் வந்துச்சா?" என்றார். விறகும் அந்த வழி, குறளும் அந்த வழி. தமிழ் எரிந்ததே நாங்கள் சுமந்துபோட்ட விறகில்தான். அதன் மேல் தண்ணி தெளித்துவிட்டு, ஈரம் என்று நம்மையே திட்டுகிறார்கள்.

பத்திரமும் வீடும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். மும்பை தாதரில் பாபாசாகேப் கட்டிய ராஜகிருகம் இருக்கிறது. புத்தகத்துக்காகவே கட்டிய வீடு. ஐம்பதாயிரம் புத்தகம் வைத்திருந்த வீடு. அது இன்று நினைவில்லம். 2020 ஜூலை 7ஆம் தேதி அதன்மேலும் கை வைத்தார்கள். பூந்தொட்டிகளைக்கூட உடைத்தார்கள். பூந்தொட்டி என்ன பாவம் செய்தது? நம் வீடு என்றால் அதில் பூக்கிற செடிமீதும் கோபம் வருகிறது. ஆகவே சுவரை மட்டும் நம்பாதீர்கள். சுவரும் வேண்டும், டிரங்குப் பெட்டியும் வேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று விஷயம் தோன்றுகிறது. ஒன்று, ராயப்பேட்டையில் பண்டிதர் பேரில் ஒரு பலகை, கூடவே ஒரு படிப்பகம். சிலை வேண்டாம், பெஞ்சு போதும். இரண்டு, பாரதி நினைவில்லங்களில் கனகலிங்கத்தைக் குருவின் கருணைக்கு உதாரணமாகக் காட்டுவதோடு நிறுத்தக் கூடாது. புத்தகம் எழுதிய எழுத்தாளராக அவருடைய பேரும் அங்கே நிற்க வேண்டும். மூன்றாவது நாமே செய்ய வேண்டியது. எங்க ஆயா ஒப்பாரி கட்டுவதில் கெட்டிக்காரி. செத்தவன் எந்த ஏரியில் மடை திறந்தான், எந்த ஆண்டையிடம் அடி வாங்கினான் என்பதெல்லாம் அவள் பாட்டில் இருக்கும். நான் காலேஜில் அடுத்தவன் கவிதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அவள் செத்துப்போனாள். ஒரு வரிகூட நான் எழுதி வைக்கவில்லை. வீடு மழையில் போனது. பாட்டு என் சோம்பேறித்தனத்தில் போனது. முதலாவதற்கு அரசாங்கத்தைத் திட்டலாம். இரண்டாவதற்கு யாரைத் திட்டுவது?

சித்தப்பாவுக்குக் கடன் வாங்கித் தர இன்றுவரை என்னால் முடியவில்லை. மனைப்பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏரிப் புறம்போக்கு என்பதால் அதிலும் ஆயிரம் சிக்கல், மாற்று இடமாவது கேட்டு அலைகிறோம். ஆனால் அந்த ஒன்பது பி மெமோவையும் வாங்கி வந்தேன். உறை போட்டு, வருஷ வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று நைனாவும் சித்தப்பாவும் சொல்லச் சொல்ல எழுதி வைக்கிறேன். யாருக்குக் கல்யாணம், யார் செத்தார்கள், எந்த வருஷம் கூரை மாற்றினார்கள். தண்டம் போட்ட காகிதத்தின் முதுகில் எங்கள் தாய்ப்பத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சொல்ல மறந்துவிட்டேன். பாரதி வீட்டை விட்டு வரும்போது அங்கிருந்த வருகைப் பதிவேட்டில் நைனாவும் கையெழுத்துப் போட்டார். மூணாவது வரைக்கும் படித்தவர். பேரை மெதுவாக எழுதினார். முகவரி என்று போட்ட இடத்தில் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நான் எங்கள் வாடகை வீட்டு நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே எழுதிவிட்டார்: 'விறகுத் தொட்டி, திருவல்லிக்கேணி.'

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு காகிதம் கொண்டுவாருங்கள் தோழர்களே. பி மெமோவோ, பழைய ரேஷன் கார்டோ, கங்காணி கொடுத்த துண்டுச் சீட்டோ, எதுவானாலும் சரி. காகிதம் இல்லாதவர்கள் வீட்டிலிருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் வாசலில் தயங்கி நின்றால், அவசரப்படுத்தாதீர்கள். ஏன் நிற்கிறார் என்று முதலில் கேளுங்கள்.